மாசிலாமணி வாஷ்பேசினை வென்ற படலம்

தில்லியின் விளிம்பில் விண்முட்டி நிற்கும் குப்பை மாமலையை அதற்குமேல் ஒரு சாண்கூட வளரவிடாமல் ஒற்றை ஆளாய்த் தடுத்து நிறுத்திய தனிப்பெரும் வீரர், ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பின் முதல்மாடிச் சிங்கம், கோப்புக்கடல் கடைந்த குமாஸ்தா குலதிலகர் மாசிலாமணி வாழ்க. அவர் கழுத்தில் தொங்கும் விசிலும் வாழ்க.

அவ்விசிலே அவ்வளாகத்துக் குப்பைப் பொறுப்பாளரின் செங்கோல். "என் இல்லத்திலிருந்து ஓர் அணுவும் அம்மலை ஏகாது, ஏகின் இவ்விசில் கீழ்வீட்டு இருதயம்மாளுக்கே" என்று குடியிருப்போர் கூட்டத்தில் அவர் முழங்கிய மறுவாரம், பிளம்பர் கழற்றிப்போட்ட விரிசல் வாஷ்பேசின் அவர் பால்கனியில் வெள்ளானையெனப் படுத்துக்கொண்டது.

எரியாது, மக்காது, விலைபோகாது. அப்பீங்கான் அரக்கனை விரலால் ஒருமுறை தட்டிப் பார்த்த, பழைய சாமான் வாங்கும் கபாடிவாலா, தராசை மடக்கிக்கொண்டு புறமுதுகிட்டான். மாநகராட்சி வண்டியோட்டியோ ஒலிபெருக்கிப் பாட்டைத் தணித்து, "லாயியே பாபுஜி, பஹாட் பே டால் தேங்கே" என்று, மலையிலேயே கொட்டிவிடுவதாய்த் தேன்குரலில் ஆசைகாட்டினான். முனிவரையும் கவிழ்க்கும் அம்மொழிக்கு மயங்காத நம் வீரர், பேசினை மார்போடு அணைத்து, மூச்சிரைக்க மீண்டும் பால்கனிக்கே ஏற்றி, மண் நிரப்பித் துளசி நட்டார்.

அந்தோ, அடியிலொரு ஓட்டை. அதன்வழி பெருகிய சேற்றருவி, கீழ்வீட்டுக் கொடியில் காய்ந்த நர்ஸ் சீருடையின் வெண்மையைச் சூறையாடிற்று.

சீருடைக்குரிய இருதயம்மாள் மேலேறி வந்தாள். "அண்ணே, இந்த பேசின் குப்பைமலைக்குத்தான் போகும். விசிலை நல்லாக் கழுவிட்டுக் குடுங்க. உங்க எச்சி எனக்கு ஆகாது."

வீரர் நிலைகுலைந்தார். அந்நேரம் பார்த்து நவராத்திரியும் வந்தது, இல்லத்தரசி செல்லம்மாளின் ஆணையும் பிறந்தது: "கொலுவுல முருகனுக்கு மலை வேணும். தெர்மாகோல்ல ஒண்ணு வாங்கிட்டு வாங்க. போன வருஷத்ததைத் தூக்கிப் போட்டாச்சு."

தெர்மாகோல்! அதுவும் இறுதியில் அக்குப்பை மலைக்கே படையலாகுமன்றோ என்று துடித்த அக்கணத்தில், இடிவிழுந்த பனைபோல் ஞானம் பற்றியெரிய, மாசிலாமணி துளசியைத் தொட்டிக்கு மாற்றினார், பேசினைக் கவிழ்த்தார், களிமண் பூசினார், கடுகு தூவினார். மூன்றாம்நாள் பசுமை போர்த்த குன்று எழுந்தது. இன்னலெல்லாம் விளைத்த அதே ஓட்டையில், அளவெடுத்தாற்போல் வேல் ஆடாமல் நின்றது.

கொலு பார்க்க வந்த இருதயம்மாள், ஐயம் தீராமல் கடுகுத் தளிரை விலக்கிக் குன்றைச் சுண்டினாள். 'ணங்' என்றது பீங்கான். திசைகள் எட்டும் மூச்சடக்கின, விசில் நடுங்கிற்று. அவள் வாயிலிருந்த கொலுச் சுண்டலை மென்று விழுங்கினாள்.

"ஆமாண்ணே, குப்பைக்குப் போகலதான். சுண்டல்ல உப்பு கம்மி."