ஜெபப் பெட்டி கேட்ட பேண்டு செட்டு

போன சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். சட்ராஸுக்குப் போயி, சம்பந்தி வூட்டு அக்காவ கார்ல ஏத்திகினு, கருங்குழியில எங்க வூட்டுக்குக் கூட்டிகினு வரணும்.

அவ்ளோதான். சின்னப் புள்ளகூட செய்யும். லைசென்ஸ் இருந்தா.

என் பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வந்துருக்கு. மாப்பிள்ளையோட அப்பா அம்மா ஊரப்பாக்கத்துலேர்ந்து அவங்களே வந்துருவாங்க. அன்னிக்கு உக்காந்து மண்டபம், சாப்பாடு எல்லாம் பேசி முடிக்கணும். ஆனா அந்த வூட்ல கடைசிப் பேச்சு மாப்பிள்ளையோட பெரிய அத்தை ரூபி அக்காவோடது. அவங்க சரின்னா சரி. இல்லன்னா பொண்ணு எங்க வூட்லயே இருக்க வேண்டியதுதான். அவங்கதான் சட்ராஸ்ல இருக்காங்க. முட்டி வலி, பஸ்ல ஏற மாட்டாங்க.

ரூபி அக்கா டிராஃபிக் போலீஸ்ல ஏட்டம்மாவா இருந்து ரிட்டயர் ஆனவங்க. இத நீங்க மனசுல வெச்சுக்கோங்க. நான் வெச்சுக்கல.

கல்யாணத்துல நான் போட்ட கண்டிஷன் ஒண்ணுதான். பேண்டு செட் கூடாது!

"இப்பல்லாம் யாருங்க பேண்டு வெக்கறாங்க? சத்தம். எனக்கு வேற பிரஷர் கீது"ன்னு சம்பந்திகிட்ட சொல்லி வெச்சிருந்தேன். ரூபி அக்காவுக்கு மட்டும் மனசு வரல. பேண்டு இல்லாத கல்யாணம் ஒரு கல்யாணமான்னு முனகிகினே ஒத்துக்கினாங்க.

பிரஷரெல்லாம் சும்மா. விஷயம் வேற.

எங்க பக்கம் பேண்டுன்னா அது என் பொண்டாட்டி ஸ்டெல்லாவோட தம்பி தாவீதுதான். பேண்டுன்னு ஒண்ணு வந்தா, அவனைத் தவிர வேற எவனையும் ஸ்டெல்லா உள்ள வுட மாட்டா. அவன்கூட நான் பேசறதில்ல. என் கல்யாணத்தன்னிலேர்ந்து பேசறதில்ல.

அன்னிக்குக் காலைல அவன் ஆளுங்க ஒரு சாவு வூட்ல வாசிச்சுட்டு நேரா எங்க சர்ச்சுக்கு வந்தானுங்க. நான் மாலையும் கோட்டுமா உள்ள நொழையறேன். பழக்க தோஷத்துல அதே சாவுப் பாட்ட ஊதிட்டானுங்க! கூட்டத்துல நாலஞ்சு பேரு எழுந்து சிலுவை போட்டுக்கினாங்க. ஒரு கெழவி அழுவவே ஆரம்பிச்சிருச்சு.

கேட்டா, "ராகம் ஒண்ணுதான் மாமா, வேகம்தான் வேற"ன்றான்.

அந்த வாய் என் பொண்ணு கல்யாணத்துல ஊதக்கூடாது. அது என் சபதம்.

இப்ப மிஷின் கதைக்கு வரேன்.

மகாபலிபுரம் ரோட்டுல இருக்கற ஸ்பீடு கேமரா என்ன ரெண்டு தடவ புடிச்சுருச்சு. ரெண்டாவது தடவ வந்த போட்டோல நான் கொட்டாவி வுட்டுகினு இருக்கேன். அந்த போட்டோவ ஸ்டெல்லா சொந்தக்காரங்க அத்தன பேருக்கும் அனுப்பி வெச்சா. அன்னிலேர்ந்து தாவீதுக்கு அடுத்தபடியா அந்தக் கேமராவும் எனக்குப் பகை.

செங்கல்பட்டு பஜார்ல செல்போன் கடை வெச்சிருக்கற கபீர் பாய்கிட்ட பொலம்பினேன். அவரு உள்ள போயி, சோப்பு டப்பா சைஸுல ஒரு பொட்டிய எடுத்துகினு வந்தாரு.

"மாமா, இது ரேடார் டிடெக்டர். கண்ணாடில ஒட்டிட்டா போதும். கேமரா தூரத்துல இருக்கும்போதே கூவும். 'கே பேண்டு'ன்னு சொன்னா கேமராவோட அலை வருதுன்னு அர்த்தம். 'லேசர்'னு சொன்னா போலீஸ்காரன் கைல மிஷினோட நிக்கறான்னு அர்த்தம்."

"தமிழ்ல சொல்லாதா பாய்?"

"அது சைனா மாமா. இங்கிலீஷ் பேசறதே பெருசு."

வெள்ளிக்கிழமை மாட்டினேன். சனிக்கிழமை கெளம்பினேன்.

செங்கல்பட்டு உள்ள நொழையறதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுது. ஒரு பொம்பள குரலு, கண்டிப்பான டீச்சரம்மா மாதிரி. "கே பேண்டு! கே பேண்டு!"

டக்குன்னு பிரேக் அடிச்சேன். பின்னாடி வந்த ஆட்டோக்காரன் எங்க அம்மாவ விசாரிச்சான். சுத்தி முத்தி பாக்கறேன், கேமராவே இல்ல. ஒரு ஜவுளிக் கடைதான் கீது.

பாய்க்கு போன் போட்டேன்.

"அந்தக் கடைல கண்ணாடிக் கதவு தானா தொறக்குதா மாமா?"

"தொறக்குது."

"அதான். அந்தக் கதவுலயும் அதே அலை வரும். புது மாடல் கார் பக்கத்துல வந்தாலும் கத்தும். அதுக்குத்தான் சிட்டி பட்டன் கீது. அமுக்குங்க, அடங்கிடும்."

மூணு பட்டன் இருந்துச்சு. எழுத்தெல்லாம் எறும்பு சைஸு. எனக்கு இங்கிலீஷும் எறும்பு சைஸுதான். நடு பட்டன அமுக்கினேன். சத்தம் இன்னும் ஜாஸ்தியாச்சு.

சரி, சட்ராஸ் போயி பாத்துக்கலாம்னு வுட்டுட்டேன்.

ரூபி அக்கா வாசல்லயே ரெடியா நின்னாங்க. பட்டுப் புடவை, கைல பைபிள். வண்டில ஏறி உக்காந்ததும் கண்ணாடியப் பாத்தாங்க.

"இன்னா தம்பி இது?"

அப்பதான் எனக்கு உரைச்சுது. இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ரோட்டுல நின்னு, வேகமா போறவன புடிச்ச கை அது. அவங்ககிட்ட போயி, போலீஸ ஏமாத்தற மிஷின்னு எப்படிச் சொல்றது? பொண்ணக் குடுக்கற வூட்டுக்காரன் ஃபோர் ட்வென்ட்டின்னு முடிவு பண்ணிட மாட்டாங்களா?

பைபிளப் பாத்தேன். வாய்ல வந்துச்சு.

"ஜெபப் பெட்டிக்கா."

"ஜெபப் பெட்டியா!"

"ஆமாக்கா. அப்பப்ப நல்ல வார்த்தை சொல்லும்."

"ஸ்தோத்திரம்!"ன்னு அதத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கினாங்க.

மகாபலிபுரத்துல நல்ல காபி குடிச்சுட்டுப் போலாம்னாங்க. சரின்னு அந்தப் பக்கம் வுட்டேன். என் பகையாளி கேமரா வந்துச்சு. நான் மிஷினையே பாக்கறேன். ஊமை! ஒரு வார்த்தை பேசல. கேமரா பளிச்சுன்னுச்சு.

"இன்னா தம்பி, மின்னலா?"

"ஆமாக்கா. மழை வரும் போல."

ஆவணி வெயிலு மண்டையப் பொளக்குது.

காபிக்கு நிறுத்தின ஓட்டல்ல வாசல் பூரா கண்ணாடிக் கதவு. முட்டி வலின்னு அக்கா எறங்கல, கார்லயே குடிக்கறேன்னாங்க. வண்டி அந்தக் கதவுக்கு நேரா நிக்குது. டூரிஸ்ட்டுங்க உள்ள போறாங்க, வெளிய வராங்க. ஒவ்வொரு தடவையும் கதவு தொறக்குது. ஒவ்வொரு தடவையும் பொட்டி கூவுது.

"கே பேண்டு! கே பேண்டு!"

அக்கா டம்ளர வாயிலேர்ந்து எடுத்தாங்க. தலைய சாய்ச்சுக் கேட்டாங்க.

"தம்பி, இது இன்னா சொல்லுது?"

"அது ஏதோ இங்கிலீஷுக்கா..."

"இங்கிலீஷா? நல்லாக் கேளு. 'கேளு, பேண்டு'ன்னு சொல்லுது!"

எனக்குக் காபி மூக்குல ஏறிச்சு.

"இல்லக்கா, அது வந்து..."

"மூச்! கேளு பேண்டு, கேளு பேண்டுன்னு எத்தன தடவ சொல்லும்? எனக்கு அன்னிக்கே மனசுல குத்திச்சு. உங்க பேச்சக் கேட்டு வாயடைச்சுப் போனேன். இப்ப ஆண்டவரே உங்க கார்லயே சொல்றாரு. உங்க பொட்டி தம்பி! எங்க பொட்டி இல்ல!"

நான் ஒயரப் புடுங்கினேன். கரெக்டா ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வெளிய வந்துச்சு. "கே பேண்டு!" உள்ள பேட்டரி இருக்கறத பாய் சொல்லவே இல்ல.

எறங்கிப் போயி மரத்தடியில நின்னு பாய்க்கு போன் போட்டேன். ஜன்னல் தொறந்துருக்கு, அக்காவுக்குக் கேக்கும்.

"பாய், அந்த ஜெபப் பெட்டிய எப்படி நிறுத்தறது?"

"எந்த ஜெபப் பெட்டி மாமா?"

"நீங்க குடுத்தீங்களே, ஜெபப் பெட்டி!"

"நான் எதுக்கு மாமா ஜெபப் பெட்டி விக்கப் போறேன்? இன்னாச்சு, வெயில்ல நிக்கறீங்களா? தண்ணி குடிங்க."

வெச்சுட்டாரு.

திரும்பி வந்து, அதக் கண்ணாடிலேர்ந்து பிச்சு டேஷ்போர்டு உள்ள போட்டு மூடினேன். அக்கா மொறைச்சாங்க.

"தம்பி, ஆண்டவர் வார்த்தைய பூட்டியா வெக்கறீங்க?"

அவங்களே தொறந்து எடுத்து மடில வெச்சுக்கினாங்க. கொழந்த மாதிரி.

திருக்கழுக்குன்றம் தாண்டி செங்கல்பட்டு வர வரைக்கும் உள்ளுக்குள்ள கொதிக்குது. தாவீது கோட்டு போட்டுகினு என் பொண்ணு முன்னாடி ஊதிகினு வர மாதிரி கண்ணுலயே தெரியுது. கொதிக்க கொதிக்க கால் ஆக்சிலேட்டர்ல எறங்குது. ஜிஎஸ்டி ரோட்டுல, பாலாத்துப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னாடி மடிலேர்ந்து குரலு மாறிச்சு.

"லேசர்! லேசர்!"

"பாத்தீங்களா தம்பி! 'லேசா, லேசா'ன்னு சொல்லுது. பெரிய செட் வேணாமாம். லேசா ஒரு பேண்டு போதுமாம். உங்க பிரஷரயும் நெனச்சுப் பாத்துருக்காரு!"

லேசர்னா இன்னான்னு எனக்கு ஞாபகம் வரதுக்குள்ள, ரோட்டோரம் நின்ன போலீஸ்காரரு கையக் காட்டிட்டாரு.

ஓரங்கட்டினேன். குனிஞ்சு உள்ள பாத்தாரு. அக்கா மடில சிவப்பு லைட் மினுக்கிகினு இருக்கற பொட்டி. அவரு மொகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு. அடுத்து அக்கா மொகத்தப் பாத்தாரு. சிரிப்பு போயிருச்சு. வெறைச்சு சல்யூட் அடிச்சாரு.

"அம்மா! நீங்களாம்மா? தாம்பரத்துல உங்க கீழ டூட்டி பாத்தேனே!"

"நல்லாருக்கியாடா? தொப்பை வெச்சிருக்க."

"ஆமாம்மா. அம்மா... மடில இன்னாம்மா அது?"

"தெரியல? ஜெபப் பெட்டிடா."

போலீஸ்காரரு பொட்டியப் பாத்தாரு. என்னப் பாத்தாரு. மறுபடியும் பொட்டியப் பாத்தாரு.

"சார், நீங்க கொஞ்சம் எறங்கி வாங்க."

ஜீப்புக்குப் பின்னாடி கூட்டிகினு போனாரு.

"பெரியவரே, அது இன்னான்னு எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரிஞ்சா இன்னா ஆவும்?"

"கல்யாணம் நின்னு போவும் தம்பி."

"நான் சொல்லட்டுமா?"

"தம்பி, காலுல வேணா வுழறேன்."

அவரு கொஞ்ச நேரம் வானத்தப் பாத்தாரு. சிரிப்ப அடக்கறாருன்னு தோள்பட்டை குலுங்கறதுலயே தெரியுது.

"ஸ்பீடுக்கு ஃபைன் போடறேன். ஜெபத்துக்கு ஃபைன் போட எங்கிட்ட புக் இல்ல. இனிமே அத மாட்டாதீங்க. போங்க."

இவ்ளோ அசிங்கப்பட்டும் ஒரு நப்பாசை. வூட்டுக்குப் போறதுக்குள்ள அக்கா மறந்துடுவாங்கன்னு.

செருப்ப அவுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாங்க.

"ஸ்டெல்லா! கல்யாணத்துல பேண்டு கீது! சம்பந்தியோட ஜெபப் பெட்டியே சொல்லிருச்சு!"

சம்பந்திங்க ரெண்டு பேரும் என்னப் பாத்தாங்க. என் பொண்ணு பொட்டியப் பாத்தா. அவ படிச்சவ. அந்தப் பொட்டி மேல இன்னா எழுதியிருக்குன்னு படிச்சுட்டு, துப்பட்டாவ வாய்ல வெச்சுகினு உள்ள ஓடிட்டா. அடுப்பங்கரைலேர்ந்து சிரிப்பு சத்தம் வருது.

ஸ்டெல்லா மட்டும் ஒண்ணுமே கேக்கல. எத்தனையோ வருஷமா நம்பர ரெடியா வெச்சிருந்தவ மாதிரி போன எடுத்தா. ஸ்பீக்கர்ல போட்டா.

"தாவீது, உங்க மாமா உங்கிட்ட பேசணுமாம்."



"யாரு? மாமாவா? செத்துகித்து போயிட்டாரா?"

"செத்தா எப்படிடா பேசுவாரு? பொண்ணு கல்யாணத்துக்கு பேண்டு வேணுமாம்."

"அப்படியா? அப்ப அவரே வாயத் தொறந்து கேக்கட்டும். அவரு கேக்காம நான் வர மாட்டேன்."

வூடே என்னப் பாக்குது. உண்மையச் சொல்லலாம். "அக்கா, இது போலீஸ ஏமாத்தற மிஷினு"ன்னு ஒரே வார்த்தை, பேண்டு கேன்சல். அடுப்பங்கரைல சிரிப்பு நின்னுருச்சு. பொண்ணு கதவோரமா வந்து நிக்கறா. இப்ப அவ சிரிக்கல.

ரூபி அக்கா என் தோளத் தட்டினாங்க.

"கேளு தம்பி."

தொண்டைய செருமினேன்.

"டேய். பேண்டு... வேணும்டா."

"சரியாக் கேக்கல மாமா."

"பேண்டு வேணும்!"

"ஆங். எத்தன பேரு வேணும்?"

"லேசா."

"லேசாவா? என் அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு லேசாவா? இருக்கற செட்டு அத்தனையும் எறக்கறேன், நீங்க கவலப்படாதீங்க!"

ரூபி அக்கா கை தட்டினாங்க. சம்பந்தி வூட்டுக்காரங்க எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னாங்க. கல்யாணம் உறுதியாச்சு. பொண்ணு மொகம் மலர்ந்துச்சு. நானும் சிரிச்ச மாதிரி வெச்சுகினேன்.

சாயந்தரம் அக்காவ திருப்பிக் கொண்டுபோயி வுட்டேன். இருபதுலதான் போனேன். சைக்கிள்காரன் ஒருத்தன் முந்திகினு போனான்.

உங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்லிக்கறேன். ரோட்டுல மெதுவாப் போங்க. கேமராவுக்குப் பயந்து சொல்லல, மச்சானுக்குப் பயந்து சொல்றேன்.