தேவாங்கு எழுத்தரும் நான்கு மடங்கு வேகமும்

காலை பத்து மணி நாற்பது நிமிடம். வானம் கறுத்திருந்தது; மழை இன்னும் விழவில்லை. அந்த நேரத்தில் ஒரு காட்டில், வளைப் பட்டா வழங்கும் அலுவலகத்து வரிசையின் முதலிடத்தில் ஒரு பெண் முள்ளம்பன்றி நின்றிருந்தது. மாலை ஐந்து மணிக்குள் பட்டா கிடைக்காவிட்டால் அதன் வளை பக்கத்து உடும்புக்குப் போய்விடும். பிறகு மூன்று குட்டிகளோடு மழையில் நிற்க வேண்டியதுதான்.

அலுவலகத்தின் எழுத்தர் ஒரு தேவாங்கு. அது ஒரு விசையை அழுத்தும். பழைய கணினி நெடுநேரம் யோசித்து அந்த எழுத்தைத் திரையில் காட்டும். அதற்குள் தேவாங்கு அடுத்த விசையைத் தேடிக் கண்டுபிடித்திருக்கும்.

"இந்த மிஷினை வச்சுக்கிட்டு, பாவம், சார் என்ன பண்ணுவாரு?" என்றது முள்ளம்பன்றி. வரிசை முழுவதும் கணினியைத் திட்டியது. தேவாங்கு அடக்கத்துடன் தலையசைத்தது.

பதினொன்றரைக்கு வந்து சேர்ந்த மரங்கொத்தி மெக்கானிக், அலகால் பெட்டியைத் திறந்து, பழைய பிராசஸரைக் கழற்றி, நான்கு மடங்கு வேகமான ஒன்றைப் பொருத்தியது.

"இனிமே பறக்கும் சார்!"

பறந்தது. ஆனால் பட்டா மென்பொருள் மிகப் பழையது. அது கடிகாரத்தைப் பார்ப்பதில்லை; பிராசஸரின் துடிப்புகளை எண்ணியே காத்திருக்கும். துடிப்பு நான்கு மடங்கானதும், பெயரை நிரப்பக் கிடைத்துவந்த நான்கு நிமிடம் ஒரு நிமிடமாகச் சுருங்கிவிட்டது. தேவாங்கு 'முள்' வரை வரும். "நேரம் முடிந்தது, முதலிலிருந்து தொடங்கவும்" என்று திரை சொல்லும். இப்படிப் பதினேழு முறை.

"என்ன சார், மிஷின் சரியாயிடுச்சு, நீங்க ரிப்பேர் ஆயிட்டீங்களா?" முள்ளம்பன்றியின் முட்கள் சிலிர்த்து நின்றன.

"அம்மா, வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து எனக்கு இதே ஸ்பீடுதான். இத்தனை வருஷமா அது எனக்காகக் காத்துக்கிட்டிருந்தது. நான் அதுக்காகக் காத்திருக்கேன்னு நீங்களா நினைச்சுக்கிட்டீங்க."

மரங்கொத்தி தாழ்ந்த குரலில் யோசனை சொன்னது: "எழுத்தரை மாத்தச் சொல்லி ஒரு மனு கொடுங்கக்கா."

"அந்த மனுவையும் இவருதானே டைப் அடிக்கணும்? பேசாம பழசையே மாட்டுப்பா!"

மாட்டியது. பெயருக்குப் பிறகு மற்றக் கட்டங்களும் ஒவ்வொன்றாக நிரம்பி, நான்கு ஐம்பத்தெட்டுக்குப் பட்டா முள்ளம்பன்றியின் கைக்கு வந்தது.

மறுநாள் காலை முள்ளம்பன்றி, வளைவாசலில் பட்டாவை ஒட்டிவிட்டுக் குட்டிகளோடு உறங்கியது. உடும்பு, மேல்முறையீடு செய்வதற்காக வரிசையில் வந்து நின்றது. மரங்கொத்தி, 'கணினி மேம்பாட்டுப் பணி வெற்றிகரமாக நிறைவேறியது' என்று அறிக்கை எழுதியது. தேவாங்கு ஒரு மெல்லிய துணியை எடுத்து, கணினியை வெகு பிரியமாகத் துடைத்தது.

நீதி: அலுவலகக் கணினியின் வேகத்தை ஒருபோதும் கூட்டாதீர்கள், அங்கே பழியை வாய்திறவாமல் சுமப்பது அது ஒன்றுதான்.