சம்பந்தி கொடுத்த கரண்ட்

ஈசல்மி,
வியாழக்கிழமை, பேனா மை உறையும் ஒரு மத்தியானம்.

பெருமதிப்புக்குரிய மைத்துனர், ஓய்வுபெற்ற பல் மருத்துவர் திரு. ஏய்னோ ரௌத்தியாய்னென் அவர்களின் சமூகத்திற்கு, தங்கள் தங்கை ஹெல்வியின் கணவன் தாய்ஸ்தோ கேகொனென் பணிவுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் ஹெல்வியும் உயிரோடு இருக்கிறோம். அவ்விடம் குவோப்பியோவில் தாங்களும், தங்கள் இடுப்பு வலியும், நாயும் நல்ல வெதுவெதுப்பில் இருப்பதாக ஹெல்வி சொன்னாள். மிக்க மகிழ்ச்சி.

நிற்க. சனிக்கிழமைக்குள் நான் பழையபடி டவுன் மின்சாரக் கம்பெனிக்கே திரும்பாவிட்டால் ஹெல்வி பஸ் ஏறித் தங்கள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று தாங்கள் போனில் உத்தரவு போட்டதாக அறிந்தேன். அதற்கு என் பதில், முடியாது என்பதே. ஏன் முடியாது என்று விளக்கத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் என்னைப் பேச விடமாட்டீர்கள். வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிற, மறுபேச்சுப் பேச வழியில்லாத ஜனங்களிடமே ஆயுள் முழுக்கப் பேசிப் பழகியவர் நீங்கள். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை பாருங்கள்.

நான் மலிவுக்கு ஆசைப்பட்டு ஒரு குட்டிக் கம்பெனியில் போய் விழுந்தேன் என்று சொல்கிறீர்களாம். சத்தியமாக இல்லை. நம் பெண் ஹென்ரீகாவுக்கு முதல் நிச்சயதார்த்தம் முறிந்த பிறகு, இனி கல்யாணப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று எங்கள் வாயைக் கட்டிப்போட்டிருந்தாள் அல்லவா? அவளே போன வசந்தத்தில் யூசோ என்கிற தங்கமான பையனைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாள். பையனின் அப்பா ரைமோ பெல்கொனென், ஏரிக்கரையில் படகு ரிப்பேர் செய்கிறவர். அந்தக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர் போட்டு ‘சிட்டுக்குருவி மின்சாரம்’ என்று ஒரு கம்பெனியும் நடத்துகிறார். அவர் கரண்ட் தயாரிப்பதில்லை. சந்தையில் அன்றன்றைய விலைக்கு வாங்கி நம்மைப் போன்றவர்களுக்கு விற்கிறார். கம்பியும் கம்பமும் எப்போதும் போல அதேதான். முதல் தடவை காப்பிக்கு வந்தவர் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூரையில் எரிந்த விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

“சம்பந்தி, இந்த வீட்டுக்கு யாரு கரண்ட் குடுக்கறா?”

“டவுன் கம்பெனிதான்.”

அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். “பொண்ணை எங்க வீட்டுக்குக் குடுப்பீங்க, கரண்ட்டை மட்டும் யாரோ அந்நியன்கிட்ட வாங்குவீங்களா?”

சொல்லுங்கள் மச்சான், இதற்கு என்ன பதில் சொல்வது? இரண்டு வருஷத்துக்கு ஒரே விலை, பனி பெய்தாலும் புயல் அடித்தாலும் ஏறாது என்றார். டவுன் கம்பெனியை விட மலிவு வேறு. இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுக்க முடியும், சந்தையில் விலை ஏறினால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டுமாம், நீங்கள் சொல்கிறீர்கள். கடைக்காரனிடம் கேட்கலாம், சம்பந்தியிடம் அப்படி நாக்கு மேல் பல்லைப் போட்டுக் கேட்க முடியுமா? இலையுதிர் காலம் முழுக்க ராஜ வாழ்க்கைதான். நான் ஒரு விளக்கைக்கூட அணைக்கவில்லை. என் பேச்சைக் கேட்டு எங்கள் சர்ச்சின் பாடகர் குழு மொத்தமும் சிட்டுக்குருவியில் சேர்ந்தது. அதிலும் கட்டைக்குரல் பாடும் ஓலாவி, எதிலும் சேராத மனுஷன், அவனே சேர்ந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஜனவரி வந்தது, குளிர் வந்தது, கூடவே ரைமோவின் போனும் வந்தது. முதல் போன் வந்தபோது ஹெல்வி மீன்ரொட்டி வைத்திருந்தாள். ரை தானிய மாவுக்குள் மீனையும் பன்றிக்கொழுப்பையும் வைத்து மூடி, பகல் பூரா அடுப்பில் கிடக்க வேண்டிய சமாசாரம் என்று உங்களுக்குத் தெரியாததா.

“சௌக்கியமா சம்பந்தி? அடுப்புல ஏதாச்சும் இருக்கா?”

“மீன்ரொட்டி இருக்கு. வாங்களேன் சாப்பிட.”

“அது... எப்ப வேகும்?”

“சாயங்காலம் ஆயிடும்.”

“சாயங்காலமா?” என்றார், இழவு வீட்டில் பேசுகிற குரலில். அப்புறம் மெல்ல விஷயத்தைச் சொன்னார். “சந்தைல இன்னிக்கு விலை எங்கயோ போயிடுச்சு சம்பந்தி. உங்களுக்குப் பேசின விலைக்குத்தான் குடுக்கறேன், வாக்கு வாக்குதான். ஆனா நீங்க ஒவ்வொரு சுவிட்சா போடறப்போ என் சட்டைப்பையில கை விட்ட மாதிரி இருக்கு.” தயவுசெய்து வாங்காதீர்கள் என்று வாடிக்கையாளரைக் கெஞ்சுகிற வியாபாரியை உங்கள் வாழ்நாளில் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன், அவர் எனக்கு உறவுக்காரர் வேறு. உடனே அடுப்பை அணைத்தேன், கூடவே விளக்குகளையும். வெளியே கருங்கல், உள்ளே மீன் கண் விழித்துப் பார்க்கிறது. ஹெல்வி அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அடுப்புக்குப் போனாள். அந்த அம்மாள் வேகவைத்துக் கொடுத்து, கூலியாகப் பாதியை வைத்துக்கொண்டாள்.

அடுத்த போன் காரைப் பற்றியது. ராத்திரி கார் எஞ்சின் உறையாமல் இருக்க முற்றத்தில் வயர் மாட்டுகிறோமே, அதை எடுத்துவிட முடியுமா என்றார். எடுத்தேன். காலையில் கார் இருமக்கூட இல்லை. பாட்டுப் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. பழைய சறுக்குவண்டியை இறக்கி, ஹெல்வியை முன்னால் உட்கார வைத்து, நான் பின்னால் நின்று காலால் உந்திக்கொண்டு கடைத்தெரு வழியாகப் போனேன். நான் ஓட்டின பஸ்ஸில் காலமெல்லாம் ஏறி இறங்கின சனங்கள் வரிசையாக நின்று, “என்ன டிரைவர், அடுத்த ஸ்டாப் எது?”, “டிக்கெட் உண்டா?” என்று கேட்டார்கள். ஹெல்வி வழி நெடுக முகத்தைக் கம்பளிக்குள் புதைத்துக்கொண்டு வந்தாள். கம்பளிக்குள்ளிருந்து அவள் உங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தது எனக்குக் கேட்டது.

மூன்றாவது போன். “வெளியவே மைனஸ் முப்பது. உள்ள எதுக்கு சம்பந்தி தனியா ஒரு ஃப்ரீசர்?” இந்தக் கேள்விக்குப் பதில் உங்களிடம் இருந்தால் எழுதுங்கள். ஃப்ரீசரில் இருந்ததையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு வாசல் நடையில் வைத்தேன். நீங்கள் வேட்டையாடி அனுப்பின காட்டுமான் தொடை சாப்பிட்டாயிற்றா என்று போன் பண்ணும்போதெல்லாம் ஹெல்வியைக் கேட்கிறீர்கள், அவளும் ஏதோ மழுப்புகிறாள். சாப்பிட்டாயிற்று மச்சான். எலும்பு கூட மிஞ்சாமல், வாலை ஆட்டிக்கொண்டு ரசித்துச் சாப்பிட்டது எதிர்வீட்டு நாய்.

இவ்வளவையும் உங்கள் தங்கை பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். நான்காவது போனை அவளே எடுத்துத் தொலைத்ததுதான் வினை. இந்தச் சனிக்கிழமை மட்டும் சவுனா அறையில் கரண்ட் அடுப்பைப் போட்டு நீராவிக் குளியல் எடுக்காமல் இருந்தால் பெரிய உபகாரமாக இருக்கும் என்றிருக்கிறார் ரைமோ. ஹெல்வி போனை வைத்தாள். வைத்த சத்தத்தில் சுவர்க் கடிகாரம் நின்றுவிட்டது.

“வெளிச்சத்தைக் கேட்டாரு, குடுத்தேன். அடுப்பைக் கேட்டாரு, குடுத்தேன். சனிக்கிழமை சவுனாவைக் கேக்கறாரே, இவரு மனுஷரா? எங்கம்மா என்னைப் பெத்ததே சவுனாவுலதாங்க!”

“ஒரே ஒரு சனிக்கிழமைதானேடி...”

“ஒரு சனிக்கிழமையா? அந்த வார அழுக்கோட நான் ஞாயித்துக்கிழமை கர்த்தர் முன்னால போய் நின்னு பாடணுமா? ஒண்ணு என் சவுனா, இல்ல எங்க அண்ணன் வீடு. நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.”

இதுதான் உங்களுக்கு வந்த போனின் பூர்வோத்திரம். ஆனால் அவள் உங்களிடம் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. மறுநாள் ஹென்ரீகா வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். ரைமோ கம்பெனிக்காக வீட்டை அடகு வைத்திருக்கிறாராம். கம்பெனி முழுகினால் வீடும் போகும், அப்பா அம்மாவைத் தெருவில் விட்டுவிட்டு மோதிரம் மாற்ற மாட்டேன் என்று யூசோ சொல்லிவிட்டானாம். “நீங்களும் விட்டுட்டுப் போயிட்டா அவர் மனசு உடைஞ்சிடும்பா. சம்பந்தியே போயிட்டான்னு ஊரே பேசும். யூசோ முகத்துல நான் எப்படி முழிப்பேன்?”

நீங்கள் அதைப் பார்க்கவில்லை மச்சான். இந்தப் பெண் ஒரு தடவை இப்படி அழுததைப் பார்த்துவிட்டேன், இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பு கிடையாது. அவள் கல்யாணம் நடக்க வேண்டும் என்றால் நான் இருட்டில் உட்காருவேன், பச்சை மீனைத் தின்பேன், காதுவரை குல்லா போட்டுக்கொண்டு தூங்குவேன். குட்டிக் கம்பெனி முழுகினால் கட்டின முன்பணம் போகும், அப்புறம் அடித்துப் பிடித்து அன்றைய விலைக்கு வேறு ஒப்பந்தம் போட வேண்டி வரும் என்றெல்லாம் பயமுறுத்துகிறீர்கள். போகட்டும். பயணிகள் உட்கார்ந்திருக்க நான் ஒரு நாளும் நடுவழியில் வண்டியை விட்டு இறங்கிப் போனவன் அல்ல. நான் கடைசி வாடிக்கையாளனாக நின்றாலும் நிற்பேனே தவிர, சிட்டுக்குருவியை விடமாட்டேன். இது முடிவு.

சவுனாவுக்கும் வழி கண்டுபிடித்துவிட்டோம். ஆளாளுக்கு வீட்டில் அடுப்பு மூட்டினால்தானே ரைமோவுக்கு நஷ்டம்? பாடகர் குழு மொத்தமும் சனிக்கிழமை ரைமோவின் வீட்டுக்கே போய், ஒரே சவுனாவில் குளித்துவிட்டு வருவது என்று தீர்மானம். ஹெல்வி ஒத்துக்கொண்டாள். ஆகவே பஸ் நிலையத்துக்கு நீங்கள் யாரையும் அனுப்ப வேண்டாம்.

தாங்கள் மூத்தவர். கோபத்தில் ஏதும் கூடக்குறைய எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டும். தங்கள் இடுப்பு வலி பனியோடு கரைந்து போகட்டும். கல்யாணத்தில் முதல் வாழ்த்து தங்கள் வாயால்தான் என்று ஹென்ரீகா ஆசைப்படுகிறாள்.

இம்மியும் அசையாத,
தங்கள் தங்கை கணவன்
தாய்ஸ்தோ

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. நேற்று துண்டும் தொத்திறைச்சியும் எடுத்துக்கொண்டு எல்லோரும் ரைமோ வீட்டுக்குப் போனோம். சாலை வளைவிலேயே வீடு தெரிந்துவிட்டது. ஜன்னலுக்கு ஜன்னல் வெளிச்சம், வாசல் மரத்தில் பல்பு மாலை, காருக்கு வயர், அடுப்பில் இனிப்பு ரொட்டி. சவுனாவில் அடித்த அனலில் ஓலாவி கட்டைக்குரலை மறந்து கீச்சுக்குரலில் கத்திக்கொண்டு பனிக்குள் ஓடினான். ஆண்கள் முறை அது. நான் மேல் பலகையில் ரைமோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன்.

“எங்களையெல்லாம் இருட்டுல உக்கார வச்சிட்டு நீங்க இப்படி எரிக்கறீங்களே சம்பந்தி, கம்பெனி தாங்குமா?”

அவர் ஒரு கரண்டித் தண்ணீரைச் சவுனா அடுப்பின் சூட்டுக்கல்லில் வீசிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். “இது கம்பெனி கரண்ட் இல்ல சம்பந்தி. டவுன் கரண்ட். குளிர் ஆரம்பிச்சதுமே நான் மாறிட்டேன்.”

“உங்க கம்பெனியை நீங்களே விட்டுட்டீங்களா!”

“ஒரு வாடிக்கையாளர் குறைஞ்சா ஒரு நஷ்டம் குறையும்ல. கம்பெனிக்கு என்னால முடிஞ்சது.”

“அப்ப... நாங்களும் போனா?” என்றேன்.

“அதைக் கேக்கத்தான் ஒவ்வொரு தடவையும் போன் பண்ணேன்! சம்பந்தியைப் பாத்து, வெளிய போங்கன்னு எப்படிங்க சொல்றது? வாய் வராது. அடுப்பைப் பத்தி, ஃப்ரீசரைப் பத்தி ஏதாச்சும் பேசிட்டு வச்சிடுவேன். சரி, சவுனால கை வச்சாலாவது கோவிச்சுக்கிட்டுப் போயிடுவீங்கன்னு பாத்தா, ஊரையே கூட்டிக்கிட்டுத் துண்டோட வந்து நிக்கறீங்க!” என்று அந்தப் பெரிய மனுஷன் என் வெற்றுத் தோளில் சாய்ந்து விம்மினார். எல்லோரும் போய்விட்டால் கம்பெனியைக் கௌரவமாக மூடிவிட்டுப் படகு ரிப்பேரோடு இருந்துகொள்வாராம், வீடு மிஞ்சுமாம். இரண்டு வருஷ ஒப்பந்தம் என்னாவது என்றேன். கிழித்துப் போடுங்கள் என்றார். அந்தப் பலகையிலேயே, ஒட்டுத்துணி இல்லாமல், பாடகர் குழு ஒருமனதாக விலகியது. வெளியே வந்து காப்பி குடிக்கும்போது கல்யாணத்துக்கு நாள் குறித்தோம். முறைக்கு, “எங்க பக்கத்துலேர்ந்து கல்யாணத்துக்கு என்ன செய்யணும்னு சொல்லுங்க சம்பந்தி” என்று கேட்டேன். “நீங்க போனாலே போதும்” என்றார்.

ஆகவே நாளை காலை முதல் வேலையாக டவுன் கம்பெனிக்குப் போகிறேன். உங்கள் பேச்சைக் கேட்டுத் திரும்பினேன் என்று குவோப்பியோவில் ஒருவரிடமும் மூச்சு விடக் கூடாது. என் உறுதி அப்படியேதான் இருக்கிறது மச்சான். சம்பந்தியைக் கைவிடக் கூடாது, அதனால்தான் விட்டுவிட்டுப் போகிறேன்.