மியூனிக்காரர் எழுதிய எங்கள் ஊர்க் கொலை

அந்தப் புத்தகம் என் வீட்டு வாசப்படி ஏறக் கூடாது என்று சபதம் போட்டேன். ஊர்த் தேநீர்க் கூட்டத்திலும் அதையே முழங்கினேன். ஜெர்மனியின் தெற்குக் கோடி மியூனிக்கில் உட்கார்ந்துகொண்டு ஒருத்தர் வடக்குக் கடலோரத்து எங்கள் கிழக்கு ஃப்ரீசியாவை வைத்துத் துப்பறியும் நாவல் எழுதுவாராம். நாங்கள் அதை வாங்கிப் படிக்க வேண்டுமாம்!

"சனிக்கிழமை நம்ம நூலகத்துக்கு வர்றாராம். எழுந்து நின்னு வாங்கு வாங்குன்னு வாங்கப் போறேன்," என்றேன் மனைவி ஃபென்னாவிடம்.

"படிக்காமலேயா?"

"படிக்க வேற செய்யணுமா? நம்மளை முட்டாளாத்தானே எழுதியிருப்பான்!"

சும்மா சொல்லவில்லை. இளவயதில் ஹனோவரில் வேலை பார்த்தேன். ஃப்ரீசியன் என்று தெரிந்தால் போதும், ஒரு பல்ப் மாட்ட உங்க ஊர்ல எத்தனை பேர் வேணும் என்று ஆரம்பித்துவிடுவார்கள். வலிக்காமல் இருக்க முதல் ஆளாக நானே சிரித்துவிடுவேன். அப்படிச் சிரித்துச் சிரித்தே சொந்த ஊர் பேரைச் சொல்லக் கூச்சம் வந்துவிட்டது. எவ்வளவு கேவலம்!

ஃபென்னா புத்தகத்தை வாங்கிவந்து சமையலறை மேசைமேல் போட்டாள். தப்புகளைப் பொறுக்கத்தான், சத்தியமாக, அதை ஆட்டுக்கொட்டகைக்குக் கடத்தினேன். தப்புகள் இருந்தன. ஆனால் கதையில் வரும் மருந்துக்கடைக்காரர்மேல் சந்தேகம் விழுந்த பிறகு ஒரு தப்பும் கண்ணில் படவில்லை. துப்பறிகிறவள் எங்கள் ஊர்ப் பெண். பட்டணத்துப் போலீஸ் முழிக்கிறது, கடல் எப்போது உள்வாங்கும் என்று அவளுக்குத்தான் தெரிகிறது. அந்தப் பக்கங்களை ஆடுகளுக்கும் உரக்கப் படித்துக் காட்டினேன்.

வியாழக்கிழமை தேநீர் வேளையில் ஃபென்னா அலறினாள்.

"ஹாபோ, என்னய்யா பண்றே?"

குனிந்து பார்த்தேன். கோப்பையைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருக்கிறேன்! அடியில் கற்கண்டு, மேலே பாலாடை, அப்படியே குடிக்க வேண்டியது. அதைக் கலக்குகிறவன் எங்கள் பக்கத்தில் பிறந்ததே இல்லை.

"உடம்பு சரியில்லையா, இல்ல கொலைகாரன் யாருன்னு தெரியலையா?"

வசமாக மாட்டிக்கொண்டேன். "இன்னும் ஒரே ஒரு அத்தியாயம்தான் ஃபென்னா..."

"தெரியும். புத்தகம் இப்ப என் பையில இருக்கு. சனிக்கிழமை அந்த மனுஷனைத் திட்டாம இரு. கூட்டம் முடிஞ்சதும் தர்றேன்."

"ஊர் மானம் போயிடுமேடி!"

"ஊர் மானத்தை நான் பாத்துக்கறேன். நீ வாயைப் பாத்துக்கோ."

சனிக்கிழமை கூடம் நிரம்பி வழிந்தது. "ஏதாவது கேள்வி உண்டா?" என்றார் எழுத்தாளர். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. எழுந்தேன். ஹனோவர் ஞாபகம் வந்தது. கூடவே நாவலில் துப்பறிகிற அந்தப் பெண்ணும் ஞாபகத்துக்கு வந்தாள்.

"ஐயா... அந்தப் பொண்ணு அடுத்த புத்தகத்துலயும் வருவாளா?"

கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். வலிக்கவே இல்லை.

வெளியே வந்ததும் ஃபென்னா சொன்ன சொல் தவறாமல் புத்தகத்தைக் கையில் கொடுத்தாள்.

"நிதானமா, ரசிச்சுப் படி. மருந்துக்கடைக்காரர் பாவம், அவரைச் சந்தேகப்படாதே. கொன்னது பாதிரியார்."