துணிமணிக் கணக்கில் ஒரு பல்

அன்புள்ள சித்திக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். உங்கள் இடுப்பு வலி இந்த வாரம் எந்தப் பக்கம் என்று அம்மா கேட்கச் சொன்னாள். இடம் என்றால் வெந்நீர், வலம் என்றால் ஓய்வு என்கிறாள்.

போன முறை நீங்கள் வந்திருந்தபோது, காசு எங்கே போகிறதென்றே தெரியவில்லை என்று அப்பா ஒரு வார்த்தை சொல்லப்போக, கணக்குப் பிரிவில் இருபது வருடம் இருந்த கம்பீரத்தோடு நீங்கள் ஒரு நீள நோட்டில் வாடகை, உணவு, போக்குவரத்து, மருத்துவம், துணிமணி, பழுதுபார்ப்பு, இதர என்று ஏழு தலைப்பு போட்டு, ஃபிரிட்ஜின் கைப்பிடியில் கயிறு கட்டித் தொங்கவிட்டுப் போனீர்கள். 'இதர' என்று எழுதுவது சோம்பேறிகளின் வேலை என்று எச்சரிக்கையும் செய்தீர்கள். நூலகத்தில் நாளெல்லாம் புத்தகங்களை வகை பிரிக்கிறவள் என்பதால் மேற்பார்வை என் தலையில் விழுந்தது. தேனீ வளர்ப்பும் தத்துவமும் கலந்த புத்தகத்துக்குக்கூட எங்களிடம் ஒரே ஒரு தட்டுதான். மூன்று பேர் செலவு என்ன பிரமாதம் என்று நினைத்தேன்.

முதல் வாரமே அப்பா புதுச் செருப்பைப் போக்குவரத்தில் எழுதினார். நான் துணிமணிக்கு மாற்றினேன். "நடக்கிறதும் போக்குவரத்துதானேம்மா?" என்று கேட்டார். அடுத்து தலைக்குப் பூசும் கறுப்புச் சாயத்தை மருத்துவத்தில் எழுதினார். நான் வேறு வழியில்லாமல் சோம்பேறியாகி 'இதர' என்று போட்டேன். மறுநாள் பார்த்தால் அது பழுதுபார்ப்புக்குப் போயிருந்தது, துணியில் குறி போடுகிற சிவப்புப் பென்சிலால். அம்மா நோட்டைத் தொட்டது அதுதான் முதல்முறை.

அதற்குப் பிறகு நான் கண்டதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை சித்தி. எதிர்வீட்டுத் தாத்தா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இரண்டு கிலோ ஆப்பிள் வாங்கிப் போனோம். உணவு என்று எழுதினேன். "நாமளா சாப்பிட்டோம்?" என்று கேட்டுவிட்டு அம்மா அதை வாடகையில் போட்டாள். நாலு பேருக்கு நடுவில் இருப்பதற்குக் கொடுப்பதும் வாடகைதானாம். தையல் இயந்திரத்தை மிதித்துக்கொண்டே, நூலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். நான் கையில் பேனாவோடு ஃபிரிட்ஜின் முன்னால் நின்றேன். நான் பொருளைப் பார்த்துத் தலைப்பு போடுகிறேன், அவள் அந்தப் பொருள் யாருக்காக வந்தது என்று பார்க்கிறாள். ஆளைப் பார்த்தே அளவு சொல்கிறவள் என்று தெரியும். காசைப் பார்த்தும் சொல்வாள் என்று இத்தனை வருடம் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

ஒரே ஒரு தவறு செய்தாள். போன மாதம் பல் டாக்டருக்குக் கொடுத்த கட்டணத்தைத் துணிமணியில் எழுதியிருந்தாள். அப்பாடா, இவளும் மனுஷிதான் என்று கொஞ்சம் சந்தோஷத்தோடே அதை மருத்துவத்துக்கு மாற்றினேன். பார்த்துவிட்டுப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். வலி இருப்பதாகத் தெரியவில்லை.

இனி உண்மையான விஷயம். எங்கள் வீட்டில் ஒரு அறையில் தையல் இயந்திரம், இன்னொன்றில் அப்பாவின் தொலைக்காட்சி, இரண்டுக்கும் நடுவில் நான். அதனால் மூன்று மாதமாக, நூலகத்துக்கு இரண்டு தெரு தள்ளி, அதே பல் டாக்டரின் மாடியில் ஒரு சின்ன அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். (அம்மா அவரிடம் போனதில் நான் சந்தேகப்படவில்லை, பக்கத்தில் வேறு பல் டாக்டர் இல்லை. நடுங்க மட்டும் செய்தேன்.) ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி, உள்ளே தாழ்ப்பாள். வேலை முடிந்து ஐந்திலிருந்து ஏழு வரை உட்கார்ந்து படிக்கிறேன். யாரும் வருவதில்லை, அதற்காகத்தான் அறை. வீட்டில் கூடுதல் வேலை என்று சொல்லியிருக்கிறேன். உங்களுக்குப் பயந்து 'இதர'வில் எழுதாமல், 'அலமாரிப் பழுது' என்று மாதாமாதம் பழுதுபார்ப்பில் எழுதினேன். நேற்று பார்த்தால் மூன்று வரிகளும் சிவப்புப் பென்சிலில் உணவுக்கு மாறியிருக்கின்றன. எங்கள் அலமாரி இரும்பு சித்தி. அதைத் தின்ன முடியாது.

அவளுக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? ஒன்றாம் தேதிக்குள் ஒரு வருடத்துக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுக்காவிட்டால் டாக்டர் பஞ்சு மூட்டை அடுக்க அறையை எடுத்துக்கொள்வார். ஒரு வருடம் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை, அறையை விடவும் மனமில்லை. இந்த வீட்டில் என்ன குறை என்று அம்மா ஒரு தடவை கேட்டால் போதும், நான் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அதனால் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வந்து, இடுப்பு எந்தப் பக்கமானாலும் வந்து, பக்குவமாக அவளிடம் சொல்ல வேண்டும். அவள் யார் பேச்சையாவது கேட்பாள் என்றால் அது உங்கள் பேச்சைத்தான்.

சித்தப்பாவுக்கு என் வணக்கம். உங்கள் வீட்டுப் பூனை எந்தத் தலைப்பில் வந்தாலும் அதற்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: உறை வாங்கக் கடைக்குப் போய் வருவதற்குள், மேஜைமேல் இருந்த கடிதத்தின் அடியில் ஒரு துண்டுக் காகிதத்தில் சிவப்புப் பென்சிலில் இது இருந்தது. அப்படியே எழுதுகிறேன்:

"தங்கச்சி, அறை வாடகை ரசீதைப் படிக்கிற புத்தகத்துக்குள்ள வெச்சா அம்மா கண்ணுல படாதுன்னு இவளுக்கு நினைப்பு. பல்லைக் காட்டுற சாக்குல போய், டாக்டர்கிட்ட சொல்லி மாடி ஜன்னலை அளந்துட்டேன். மூணரை அடி. வெயில் நேரா கண்ணுல அடிக்குது, திரைத்துணி வேணும். அங்க போயிட்டு வர்ற நாள்ல ரெண்டு வாய் கூடவே சாப்பிடுறா, அதான் உணவுல போட்டேன். பக்குவமா சொல்ல நீ ஒண்ணும் வர வேணாம். துணி எடுக்க வா."

சித்தி, பல் டாக்டர் கட்டணத்தை மறுபடியும் துணிமணிக்கே மாற்றிவிட்டேன்.