ஆட்டுக்குப் பின்னால் தாய்மாமன்

ரிங்லெட்,
ஞாயிறு மாலை.

கிள்ளானில் சீரும் சிறப்புமாக வாழ்ந்துவரும் மூத்த மச்சான் திருச்செல்வம் அவர்களின் சமூகத்துக்கு, ரிங்லெட் தேயிலைத் தோட்டத்திலிருந்து உங்கள் தங்கை புருஷன் அமிர்தலிங்கம் பணிவோடு எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை மோகனாவும் மகள் விக்னேஸ்வரியும் சுகம். மழை விடாததால் கொடியில் கிடக்கும் துணிமணிகள் மட்டும் சுகமில்லை. அங்கே நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க எங்கள் தோட்டத்து முருகனை வேண்டிக்கொள்கிறேன். நீங்கள் போனை எடுப்பதில்லை, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் வெளியேறிவிட்டீர்கள். ஆகவே இந்தக் காலத்தில் தபால்தலை எங்கே விற்கிறார்கள் என்று நாலு பேரை விசாரித்து வாங்கிவந்து எழுதுகிறேன்.

தை மாதம் விக்னேஸ்வரிக்குக் கல்யாணம். தாய்மாமன் நீங்கள் மாலை போட்டுக் கைபிடித்து அழைத்துவராமல் அவள் எப்படி மணவறை ஏறுவாள்? நீங்கள் வரமாட்டேன் என்று சொன்ன நாளிலிருந்து உங்கள் தங்கை எனக்குச் சோறு போடுகிறாளே தவிர, குழம்பு வேண்டுமா என்று கேட்பதில்லை. நடந்ததை ஆதியோடந்தமாக எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

எல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டால் வந்த வினை. பலகை கிடையாது, காய் கிடையாது, இருபது முகமுள்ள பகடைதான் உண்டு. விக்னேஸ்வரி தன் மண்டையிலிருந்தே ஓர் உலகத்தைப் படைத்துச் சொல்ல, மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அதற்குள் சண்டை போடுவார்கள், புதையல் தேடுவார்கள். நீங்களும் கிள்ளானிலிருந்து போனில் முகம் காட்டி விளையாடியவர்தான். அந்த உலகத்தில் ஒரு மலை, மலைக்குள் சித்திரக்குள்ளர்கள். ஒருநாள் அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். என்னம்மா என்றேன். "குள்ளருங்களுக்குத் தாடி இருக்கு, கோடாலி இருக்கு, சுரங்கம் இருக்கு. அதுக்கு மேல ஒண்ணுமே இல்லப்பா. எல்லாரும் செய்ற மாதிரியே இருக்கு. அவங்களுக்குன்னு ஒரு பண்பாடு வேணும்" என்றாள். பண்பாடு வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால் தமிழன் சும்மா இருப்பானா, மச்சான்? அதிலும் தேயிலை ஃபேக்டரியில் ஆட்களை மேய்க்கும் மண்டோராக இருந்து ஓய்வு பெற்று, கோயில் கமிட்டிச் செயலாளராக இருந்து ஓய்வு பெறாதவன் நான். "மலைக்குள்ள வெயில் வராதே, துணிய எங்க காயப் போடுவாங்க?" என்று கேட்டேன். அவள் அதை யோசித்தே பார்க்கவில்லை! கொல்லன் உலையைச் சுற்றிக் கொடி கட்டினோம். கொடியில் யார் துணி முதலில் என்று சண்டை வந்தது. சண்டையைத் தீர்க்கச் சுரங்கத்துக்கு ஒரு கங்காணியை வைத்தோம். கங்காணி வந்ததும் கோயில் வந்தது, கோயில் வந்ததும் கமிட்டி, கமிட்டி வந்த மறுநிமிடமே எதிர்க் கமிட்டி. நாம் மலை ஏறிச் சாமி கும்பிடுகிறோம், அவர்கள் படி இறங்கிப் போய் அடியாழத்தில் கும்பிடுவார்கள் என்று நான் சொன்னபோது விக்னேஸ்வரி என்னைக் கட்டிக்கொண்டாள்.

உங்கள் தங்கை சும்மா இருந்தாளா? அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "பொம்பளைங்களுக்கும் தாடி உண்டுன்றீங்க. அப்ப பூவ தாடியிலயே வச்சிக்கலாம்லா, கொண்டை எதுக்குத் தண்டமா?" என்று ஒரு யோசனை சொன்னாள். பக்கத்து ஊர் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டும் எட்ரியன், விக்னேஸ்வரியோடு படித்து இப்போது விளையாட வரும் பையன், நாற்காலியிலிருந்து விழப் போனான்.

அப்புறம்தான் கல்யாண முறை எழுத உட்கார்ந்தோம். குள்ளர்களுக்குத் தாலி கிடையாது, இரும்பு போல்ட்டு. மாப்பிள்ளை போல்ட்டை மாட்டுவான், அவன் தங்கை ஸ்பானரால் நட்டை மூன்று சுற்று முறுக்குவாள். அதுவரை சுபம். ஊர்வல வரிசையில்தான் சனி பிடித்தது. பழைய சுரங்கத்தில் கெட்ட காற்று இருக்குமாம். ஆட்டை முன்னால் ஓட்டிப் போனால் அது முதலில் தள்ளாடும், பின்னால் வருகிறவர்கள் நின்றுகொள்ளலாம். எனவே முதலில் ஆடு, அடுத்து விளக்கோடு கொல்லன், அடுத்து மேளம், அதற்கடுத்து மணப்பெண்ணோடு தாய்மாமன். இது பாதுகாப்பு விதி, மச்சான். ஃபேக்டரியில் தொப்பி போடச் சொல்வதில்லையா, அந்த மாதிரி. அன்றைக்கு அந்தக் குள்ளப் பெண்ணின் தாய்மாமன் வேஷம் உங்களுக்குத்தான் என்பது எனக்குத் தெரியாது.

விக்னேஸ்வரி வரிசையை வாசித்தாள். போனில் உங்கள் முகம் மறைந்து கூரையில் சுற்றும் காற்றாடி மட்டும் தெரிந்தது. "ஏன் மாப்ள, ஆட்டுக்குப் பின்னாலயா தாய்மாமன்?" என்று குரல் வந்தது. நான் அப்போதே வாயை மூடியிருக்க வேண்டும். "ஆடு செத்தா வேற ஆடு வாங்கிக்கலாம் மச்சான், நீங்க இருக்கணும்லா" என்று ஆறுதலாகத்தான் சொன்னேன். அந்த எட்ரியன் சிரித்துத் தொலைத்தான். "முறைன்னு ஒண்ணு இருக்கு மாப்ள. அது அந்தக் குள்ளனுங்களுக்கும் தெரியல, ஒங்களுக்கும் தெரியல. நான் கல்யாணத்துக்கு வரல. அந்த ஆட்டையே கூட்டிட்டு வந்து மாலை போட வச்சிக்குங்க!" என்றீர்கள். காற்றாடியும் மறைந்தது.

அன்றிலிருந்து நான் பட்ட பாடு நாய் படாது. குள்ளர் சட்டத்தைத் திருத்த அவசரக் கூட்டம் போட்டேன். ஆட்டைப் பின்னால் அனுப்பு என்றேன். "அப்பா, ஆடு முன்னால போகலன்னா அங்க எல்லாரும் செத்துருவாங்கப்பா" என்றாள் விக்னேஸ்வரி. சாகட்டும், என் மச்சானைவிட அவர்கள் பெரிசா என்று கேட்டேன். தப்புப்பா இது, உலகத்துக்கு ஒரு நியாயம் வேண்டாமா என்று அழுதேவிட்டாள். கடைசியில் எட்ரியன்தான் ஒரு வழி சொன்னான். ஆடு கொஞ்சம் பெரிய ஆடு, கொம்புக்குப் பொன் முலாம், முதுகில் பட்டு. அதன் மேல் தாய்மாமன் அமர்ந்து வருவார். ஆடும் முன்னால், நீங்களும் முன்னால், உயரத்தில் நீங்களே முதல். ஸ்பானரையும் மாப்பிள்ளையின் தங்கையிடமிருந்து பிடுங்கி உங்கள் கையிலேயே கொடுத்துவிட்டோம். கமிட்டியும் எதிர்க் கமிட்டியும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டன. சரித்திரத்தில் இது முதல் தடவை.

விளையாட்டை விடுங்கள். காது குத்தும்போது உங்கள் மடியில் உட்கார்ந்து உங்கள் சட்டையிலெல்லாம் மூக்கைத் துடைத்த பிள்ளை அவள். இப்போது பகடையைத் தொடுவதே இல்லை. "மாமா வரலன்னா எனக்கு மணவறையே வேணாம்பா" என்கிறாள். மாப்பிள்ளை யுவனேஸ்வரன் வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை, மச்சான். வந்துவிடுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. உங்கள் வீட்டு வாசலில் என்றும் மாவிலை வாடாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
மலைக்கு உள்ளேயும் வெளியேயும் உங்களுக்கு அடங்கிய,
அமிர்தலிங்கம்

பி.கு.: உறையை ஒட்டப் போன நேரத்தில் உங்கள் தங்கை கடிதத்தைப் பிடுங்கிப் படித்தாள். "எங்கண்ணனுக்கு ஆட்டு மேலயா கோவம்? அவருக்குப் பத்திரிகைய எப்படிக் குடுத்தீங்க?" என்றாள். வாட்ஸ்அப்பில்தான், நாதஸ்வர இசையோடு, எல்லாருக்கும் முந்தி, என்றேன். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "சாமிக்கு அடுத்த பத்திரிகை தாய்மாமனுக்கு. தட்டு வச்சி, நேர்ல போயி. கேஎல் டவுனுக்குப் போனீங்களே, அப்படியே கிள்ளான் போயி குடுத்துட்டு வந்திருப்பீங்கன்னுல நெனச்சேன்! இருக்கிற முறைய விட்டுட்டு, இல்லாத குள்ளனுக்கு முறை எழுத ஒக்காந்துட்டீங்க!"

ஆகவே, மச்சான், மேலே எழுதியது எதுவும் செல்லாது. ஆட்டுச் சவாரி ரத்து, ஸ்பானரும் ரத்து. இதைத் தபாலில் போடவும் இல்லை. நாளை காலை முதல் பஸ்ஸில் நாங்கள் மூவரும் கிளம்பி வருகிறோம். வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் எடுத்துவைத்தாயிற்று. கதவைத் திறந்ததும் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள், தெரியும். திருப்பிக்கொண்டே இருங்கள், தட்டை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.