அது சும்மா கேக்கும்

வீட்டில் ஒரு கணினி இருந்தால் அதற்கு ஒரு நிர்வாகியும் இருப்பார். அவரை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. கணினி வந்திறங்கிய அன்று அட்டைப்பெட்டியைக் கத்தியால் கிழித்தவர் அவர். அந்தத் தகுதி ஆயுள் முழுக்கப் போதும்.

இந்த இனத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். கடவுச்சொல்லைத் தட்டும்போது இடது கையால் விசைப்பலகையை மூடிக்கொள்வார், வாய் மட்டும் ஒவ்வோர் எழுத்தாகச் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருக்கும். வேலை முடிந்ததும் கணினிக்கு உறை போட்டு மூடி, உறையின் சுருக்கத்தை நீவிவிடுவார். கணினி மெதுவாக ஓடினால் குற்றவாளி எப்போதும் அடுத்தவர்தான். அவருடைய திரையில் பின்னணிப் படமே தெரியாத அளவுக்கு அடைத்துக் கிடக்கிற ஐகான்களுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, திரையில் எந்தக் கேள்வி வந்தாலும் அவர் படிக்க மாட்டார். 'ஆம்' எங்கே இருக்கிறது என்று மட்டும் தேடுவார். கேட்டால், "அது சும்மா கேக்கும்" என்பார். வாசலில் நின்று "சாப்டாச்சா?" என்று கேட்கிற பக்கத்து வீட்டுக்காரரைப் போல, கணினியும் மரியாதைக்காகத்தான் கேட்கிறது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை.

நம்முடைய நிர்வாகி ஒரு சாமான் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அசையாத சரக்கைக் கண்டால் அவருக்குக் கை நமநமக்கும். கிடங்கு போய்விட்டது. நமநமப்பு போகவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கணினியைத் திறந்தார். வரவேற்புத் திரையில் இரண்டு வட்டங்கள். ஒன்றில் அவர், கழுத்துப்பட்டியோடு. மற்றொன்றில் அவருடைய மகள், பத்து வயது இளையவளாகச் சிரித்துக்கொண்டு. மனைவிக்கு வட்டம் கிடையாது. "உனக்கு எதுக்கு? ஏதாவது வேணும்னா என்னைக் கேளு" என்று எப்போதோ தீர்ப்பாகிவிட்டது.

அந்த மகள் போன வாரம்தான் திரும்பியிருந்தாள். படித்து முடித்ததும் கிளம்பியவள், கிடைத்த வேலையைச் செய்து, கிடைத்த இடத்தில் தூங்கி, நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்திருந்தாள். பை இன்னும் பிரிக்கப்படாமல் சுவரோரம் நின்றது. அவளோ சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, அடுத்து எங்கே போகலாம் என்று கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, உன் அக்கவுண்ட் சும்மா கெடக்கு. எடுத்துடட்டுமா? அதனாலதான் இது இப்படி ஊருது."

"எடுத்துக்கோங்கப்பா." அவள் நிமிரவில்லை.

"அப்புறம் கேக்காம எடுத்துட்டேன்னு சொல்லக் கூடாது. நீ சாட்சிடி" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். சாட்சி இல்லாமல் இந்த இனம் எதையும் அழிக்காது.

அம்மா ஈரக் கையோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். "இப்ப என்ன அவசரம்? அப்புறம் பாத்துக்கலாமே."

"அப்புறம் அப்புறம்னுதான் இவ்வளவு குப்பை சேந்துருக்கு."

"இல்லைங்க, அவ ஏதாவது வெச்சிருப்பா."

அம்மா மகளைப் பார்த்தாள். கண்ணை லேசாக உருட்டினாள். மகளுக்கு நெஞ்சு இளகிவிட்டது. பாவம், இத்தனை வருஷம் அந்த வட்டத்தில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து மனசைத் தேற்றியிருக்கிறாள் போல. உலகம் சுற்றியவளுக்கு ஒரு பார்வையைப் படிக்கத் தெரியாதா என்ன?

"பரவாயில்லம்மா. நான்தான் நேர்லயே வந்துட்டேனே" என்றாள் கனிவாக.

அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கணினிப் பக்கம் வந்தாள்.

திரை கேட்டது: கணக்கோடு அதிலுள்ள எல்லாக் கோப்புகளும் அழிந்துவிடும், திரும்பக் கிடைக்காது, தொடரலாமா?

"என்னமோ கேக்குதே" என்றாள் அம்மா.

"அது சும்மா கேக்கும்."

க்ளிக். ஒரு வட்டம் மிச்சமிருந்தது. அவர் கணினியை நிறுத்தி மறுபடி போட்டார். அது பழையபடியே ஊர்ந்து வந்தது. "பாத்தியா, எப்படிப் பறக்குது" என்று சொல்லிவிட்டு, வெற்றி வீரராகக் குளிக்கப் போனார்.

மகள் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனாள். அம்மா பாத்திரத்தைத் தேய்க்கிற வேகத்திலேயே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது.

"அந்த வட்டத்துல நீ எங்கடி இருந்த? நான்தானே இருந்தேன்."

போகும்போது, பாட்டு கேட்டுக்கோ என்று மகள்தான் கடவுச்சொல்லைச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள், சொன்னதையே மறந்துவிட்டாள். அம்மா பாட்டோடு நிற்கவில்லை. அவர் நடைப்பயிற்சிக்குப் போன நேரத்திலும் மதியத் தூக்கத்திலும் தட்டித் தடவி, வரைகிற மென்பொருளைத் தானே பழகி, தெருக்கோடித் தையற்கடைக்குத் துணி வெட்டும் மாதிரிகள் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தாள். வேலை முடிந்ததும் உறையைப் போட்டு, சுருக்கத்தை நீவிவிடுவாள். இப்போது பள்ளிக்கூட நாடகத்துக்கு முயல் உடுப்பு. காதில் மட்டும் மூன்று அளவு. வாங்கிப்போகத் தையற்காரி சாயங்காலம் வருகிறாள்.

"அவர்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா!"

"சொன்னா கத்துக் குடுக்க வந்துருவாருடி." அம்மாவின் குரல் தாழ்ந்தது. "ஸ்கூட்டர் கத்துக் குடுத்தாரே, ஞாபகமிருக்கா? ஸ்டாண்டுல நிறுத்தி வெச்சே ஒரு மாசம் ஓட்ட விட்டாரு."

மகள் முன்னறைக்கு ஓடினாள். மேசையில் 'பேக்கப்' என்று சீட்டு ஒட்டிய பென்டிரைவ் எப்போதும் இருக்கும். அவசரமாகச் செருகித் திறந்தாள். உள்ளே வரிசையாக ஐகான்கள். எதைத் தட்டினாலும், குறிப்பிட்ட கோப்பு இல்லை என்றே பதில் வந்தது. நிர்வாகி தன் திரையிலிருந்த குறுக்குவழிகளை மட்டும் பத்திரமாகப் பிரதியெடுத்து வைத்திருந்தார். வீட்டு விலாசங்களைக் காப்பாற்றியிருந்தார், வீடுகளைத்தான் விட்டுவிட்டார்.

மதியம் முழுக்கச் சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, பென்சிலும் அளவுகோலுமாக அம்மா முயலின் காதுகளை மறுபடி வரைந்தாள். மகள் ரப்பரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கைபேசி கவிழ்ந்து கிடந்தது. இரண்டாவது அளவுக் காது கோணிக்கொண்டு நின்றபோது நிர்வாகி தூங்கி எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். உச்சுக் கொட்டினார்.

"இந்தக் காலத்துல யாராவது கையால வரைவாங்களா? இதெல்லாம் கம்ப்யூட்டர்ல அஞ்சு நிமிஷம்." நாற்காலியை இழுத்துப் போட்டார். "வா, நான் கத்துக் குடுக்கறேன். இதான் மவுஸ்."

அம்மா மகளைப் பார்த்தாள். இந்த முறை மகளுக்குப் படிக்கத் தெரிந்தது.

உங்கள் வீட்டு நிர்வாகியை நினைத்து இவ்வளவு நேரம் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள். ஆனால் மகளும் அன்று காலையில் ஒரு 'ஆம்' அழுத்தினாள். அவள் கையில் மவுஸ்கூட இல்லை. நேற்று உங்கள் வீட்டில் யாரோ உங்களிடம் ஏதோ கேட்டார்கள். நிமிராமலேயே "சரி சரி" என்றீர்களே, என்ன கேட்டார்கள்?

இது சும்மா கேட்பதில்லை.